தலை முறிந்த போல்ற்

ராறிற்றன் குடாவில் மீன் பிடிக்கப் போகும் தம்பி ஒருவர் சென்ற மாதம் தனது 15 குதிரைவலு அவுட்போட் மோட்டரை வானில் ஏற்றி வந்து என் வாசலில் இறக்கினார். இரண்டு வருடம் ஓவர்டைம் செய்து சேர்த்த காசில் வாங்கிய பழைய மோட்டர். தேர்மோஸ்ரற் மூடியைக் கழற்றப் போய், ஒரு போல்ற்றின் தலை முறிந்து கையோடு வந்துவிட்டது. மிச்சம் எஞ்சினுக்குள்ளே. "அண்ணை, இனி வேறை எஞ்சின்தானோ?" என்றார்.

உப்புத் தண்ணீர்தான் எதிரி. எஞ்சின் உடல் அலுமினியம், போல்ற் உருக்கு. இரண்டு உலோகத்துக்கும் நடுவில் உப்பு நீர் நின்றால் சின்ன பற்றரி போல வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். அரித்த வெள்ளை மா ஊதிப் பெருத்து மரைகளை இறுக்கிவிடும். அதற்குமேல் ஸ்பனரில் பலம் போட்டால் முறியாமல் என்ன செய்யும்?

தம்பி டபிள்யூ.டி. 40 அடித்துப் பார்த்தாராம். அது 1953இல் சன் டியேகோவில் தண்ணீரை விலக்கவென்று உருவாக்கியது. இறுகிய மரைக்குள் இறங்க அதற்கென்றே விற்கும் எண்ணெய் வேண்டும். ஊரில் நாங்கள் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வைப்போம். அவசரப்படாத அந்தக் குணம்தான் இங்கே வந்த பிறகு எங்களிடம் குறைந்துவிட்டது.

நல்லகாலம், அவர் எக்ஸ்ராக்டர் போடவில்லை. துளையிட்டு உள்ளே முறுக்கும் அந்தக் கருவி மெல்லிய போல்ற்றை உள்ளிருந்து விரித்து இன்னும் இறுக்கும். கடினமான உருக்கு என்பதால் தானும் முறியும். முறிந்தால் சாதாரண துறப்பண அலகு அதில் இறங்காது.

பெற்றோல் தாங்கியையும் குழாயையும் தூர வைத்தோம். பற்றரி வயரைக் கழற்றினோம். இரண்டு நாள் எண்ணெய் விட்டு, இடையிடையே சுத்தியலால் மெதுவாகத் தட்டினோம். துண்டு வெளியே ஒரு நூலளவு நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் 6 மில்லிமீற்றர் நட்டு ஒன்றை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக வெல்டிங் செய்தேன். உருக்குக் கம்பி அலுமினியத்தில் ஒட்டாது, பயப்படத் தேவையில்லை. முதல் நட்டு கழன்று விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. தம்பி எழுந்து போய் வேலியோரம் நின்றார்.

மூன்றாவது பிடித்தது. சூடு தணிய விட்டு, ஸ்பனரால் வலப்பக்கம் ஒரு மயிரிழை, பிறகு இடப்பக்கம் ஒரு மயிரிழை, நடுவில் எண்ணெய். அசைந்தது. கால் மணித்தியாலத்தில் முழுதாக வெளியே வந்தது.

வராவிட்டால் நடுவில் துளையிட்டு, துண்டைக் குடைந்தெடுத்து, ஓட்டையைப் பெருப்பித்துச் சுருள் மரை போடவேண்டும். அதுவும் எஞ்சின் வாங்குவதைவிட மலிவுதான்.

மற்றப் போல்ற்றுகளையும் அன்றே சூடாக்கிக் கழற்றி, இறுகாமல் காக்கும் பசை பூசிப் புதியவை போட்டோம். கடலால் வந்ததும் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் நல்ல தண்ணீர் ஓடவிடச் சொல்லியிருக்கிறேன்.