முகவரி யாருடைய ஏட்டில் இருக்கிறது?



நம் கடைகளில் சரக்குக்குக் கணக்கு உண்டு. கொள்முதலுக்குச் சிட்டை உண்டு. கடனுக்குப் பேரேடு உண்டு. ஆனால் நம்மிடம் வாங்குகிறவர்கள் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் அடுத்த விசேஷம் எப்போது என்பதற்கு நம்மில் எத்தனை பேரிடம் ஓர் ஏடு இருக்கிறது? கடன் சொன்னவர் பெயர் மட்டும் எழுத்தில் இருக்கிறது. ரொக்கம் கொடுத்து வாங்கியவர் பெயர் எங்கும் இல்லை. அதாவது, நல்ல வாடிக்கையாளரைத்தான் நாம் எழுதி வைப்பதில்லை!

என் அனுபவத்தையே சொல்கிறேன். பல ஆண்டுகளாக எங்கள் கடைக்குக் கல்யாண மளிகை ஆர்டர் பெரும்பாலும் ஒரு சமையல் மாஸ்டர் மூலமாகவே வந்துகொண்டிருந்தது. அவர் லிஸ்ட் எழுதுவார். வீட்டாரை அழைத்து வருவார். பில் தொகையில் நூற்றுக்கு ஐந்து அவருக்குக் கமிஷன். ஓர் ஆவணி மாதம் அவர் வரவில்லை. விசாரித்தால், வேறொரு கடையில் நூற்றுக்கு ஏழு தருகிறார்களாம். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அது அவர் பிழைப்பு. வருத்தமெல்லாம் என் மேல்தான். அத்தனை வருடம் வந்த குடும்பங்களில் ஒன்றின் முகவரிகூட என்னிடம் இல்லை. பில் புத்தகத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் 'மாஸ்டர் கணக்கு' என்றே இருந்தது!

ஆள் அனுப்புகிறவருக்குத் தரகு கொடுப்பது நம் கடைவீதிக்குப் புதிதல்ல. இன்று இதற்கு 'அஃபிலியேட் மார்க்கெட்டிங்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் புத்தகக் கடையாகத் தொடங்கிய அமேசான் நிறுவனம் 1996-ம் ஆண்டிலேயே இதற்கென்று ஒரு திட்டம் வகுத்தது. யாராவது தம் வலைப்பக்கத்தில் ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்து, அதைப் பார்த்து ஒருவர் வந்து வாங்கினால், சிபாரிசு செய்தவருக்குக் கமிஷன். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தரகு அனுப்பியவருக்குப் போயிற்று. வாங்கியவரின் பெயரும் முகவரியும் அமேசானின் கணக்கில் ஏறிற்று. அடுத்த புத்தகம் வந்தபோது அவரிடம் நேராகவே சொல்ல அவர்களால் முடிந்தது. நான் தரகையும் கொடுத்தேன். முகவரியையும் தரகரிடமே விட்டுவிட்டேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்று செல்போன் செயலிகள் மூலம் சரக்கு விற்கும் உறுப்பினர்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பருப்பு நம்முடையது, உழைப்பு நம்முடையது, வாங்கியவர் பெயர் யாரிடம் இருக்கிறது? ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர ஒரு தடவை கமிஷன் கொடுப்பது முதலீடு. அதே வாடிக்கையாளருக்காக ஆயுள் முழுதும் கமிஷன் கொடுப்பது வாடகை.

எப்படிக் கொடுப்பது என்பதிலும் யோசனை வேண்டும். மளிகையில் லாபம் மெல்லியது. 40,000 ரூபாய் கல்யாண ஆர்டரில் எல்லாச் சரக்கும் சேர்த்து நூற்றுக்கு எட்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,200 ரூபாய். நூற்றுக்கு ஐந்து கமிஷன் என்றால் 2,000 போய்விடும். மீதி 1,200-ல் வண்டி வாடகை, கட்டுக் கூலி, திரும்பி வரும் சரக்கு எல்லாம் அடங்க வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. பில் தொகையில் விகிதம் என்றால் லிஸ்ட் எழுதுகிறவர் கை தாராளமாகிவிடுகிறது. பத்துக் கிலோ உளுந்து பதினைந்தாகிறது, முந்திரி இரட்டிப்பாகிறது. விசேஷம் முடிந்து மீதி மூட்டையைப் பார்க்கும் வீட்டார் மாஸ்டரைத் திட்டுவதில்லை; கடைக்காரரைத்தான் திட்டுகிறார்கள்.

ஆகவே என் யோசனை இது. விகிதத்தை விடுங்கள். புதிதாக ஒரு குடும்பம் வந்து, சரக்கு எடுத்து, பணமும் கட்டிய பிறகு, அனுப்பியவருக்கு 500 ரூபாய் என்று ஒரே தொகையாகக் கொடுங்கள். அந்தக் குடும்பம் விசேஷத்துக்குப் பின் மாதம் 4,000 ரூபாய்க்கு வீட்டுச் சாமான் வாங்கினால், அதே எட்டு விழுக்காட்டில் மாதம் 320 ரூபாய். இரண்டே மாதத்தில் கொடுத்த தரகு திரும்பிவிடும். சமையல் மாஸ்டர் மட்டுமல்ல. மண்டப மேலாளர், பந்தல்காரர், புரோகிதர், அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி எனப் பலரும் நமக்கு ஆள் அனுப்பக் கூடியவர்களே. ஒருவரையே நம்பியிருந்தால் என் கதைதான் உங்களுக்கும்.

ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். தரகு, நடந்த வியாபாரத்துக்கு மட்டுமே. ஆள் சேர்த்தால் பணம், அவர் இன்னொருவரைச் சேர்த்தால் மேலும் பணம் என்று சங்கிலியாக நீட்டினால், அது 1978-ம் ஆண்டுப் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டத்தின் வாசலில் கொண்டுபோய் விடும். கொடுக்கும் தொகையை வவுச்சர் போட்டுக் கணக்கில் எழுதுங்கள். வீட்டார் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். மறைத்துக் கொடுக்கும் தரகு, விலையில் ஏற்றிய தரகு என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

இனி, முகவரி ஏடு. ஆள் அனுப்புகிறவரிடம், "தெரிந்தவர்கள் நம்பரெல்லாம் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிச் செய்தி அனுப்பத் தொடங்கும் பழக்கம் நம்மிடையே பரவுகிறது. இது கூடாது. சம்மதமில்லாமல் வந்த முகவரி சொத்தைப் பருப்பு மாதிரி, மூட்டையையே கெடுத்துவிடும். வாடிக்கையாளர் கடைக்கு வந்து, சரக்கு வாங்கி, "ஆடி முடிந்ததும் விலைப்பட்டியல் அனுப்பட்டுமா?" என்று நாம் கேட்டு, அவர் சரி என்று சொன்னால் மட்டுமே எழுத வேண்டும். நம்பர் தராவிட்டால் பில் போட மாட்டோம் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாதென மத்திய நுகர்வோர் நலத்துறை 2023 மே மாதத்திலேயே அறிவுறுத்தியிருக்கிறது. அதே ஆண்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. காகித நோட்டு அதில் வராது. ஆனால் அந்த நோட்டையே கணினியிலோ செல்போனிலோ ஏற்றினால் சட்டத்துக்குள் வந்துவிடும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், சம்மதம் கொடுத்த அதே சுலபத்தில் அவர் விலக முடிய வேண்டும் என்பது சட்டத்தின் கருத்து. சட்டம் இல்லாவிட்டாலும் இதுதானே மரியாதை?

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் அனுப்புகிறவர்களுக்கு ஒரு தகவல். நம் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். நம்மை அறியாத ஆயிரம் எண்களைவிட, நம் கடைப் பெயரைப் பதிந்து வைத்த நூறு குடும்பங்கள் மேல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த நூறு பேருக்கும் தினமும் 'காலை வணக்கம்' அனுப்பித் தொல்லை கொடுக்காதீர்கள். புதுப் புளி வந்த அன்று, எண்ணெய் விலை இறங்கிய அன்று, முகூர்த்த மாதம் பிறக்குமுன் ஒரு நாள் அனுப்பினால் போதும்.

"சின்னக் கடைக்கு இதெல்லாம் எதற்கு? எல்லோரையும் முகம் பார்த்தாலே தெரியும்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், நமக்குத் தெரியும். நாளைக்குக் கல்லாவில் உட்காரப்போகும் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? நம் மனதில் இருக்கும் ஏட்டை அவர்களுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. காகிதத்தில் இருப்பதைத்தான் கொடுக்க முடியும்.

எங்கள் கடையில் இப்போது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. தேதி, பெயர், தெரு, அனுப்பியவர் யார், கொடுத்த தரகு, செய்தி அனுப்பச் சம்மதம் உண்டா இல்லையா என ஆறே கட்டங்கள். பழைய மாஸ்டர் சென்ற தை மாதம் மறுபடி ஒரு குடும்பத்தை அழைத்து வந்தார். அவருக்குரிய 500 ரூபாயை மகிழ்ச்சியோடு கொடுத்தேன். வீட்டுக்கார அம்மாவின் சம்மதம் கேட்டு முகவரியை எழுதிக்கொண்டேன். நாளை காலை கடை திறந்ததும் நீங்களும் ஒரு நோட்டு வாங்கி முதல் பெயரை எழுதுங்கள்.