மிஷினுக்கும் சாதி தெரியும்

வீட்டுக் கடன் கேட்டுப் போகிறவனை இப்போது மேனேஜர் மேலும் கீழும் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் பார்க்கிறது. 300லிருந்து 900க்குள் ஒரு எண் போடுகிறது. 'மிஷினுக்கு என்னங்க சாதி தெரியும்?' என்று படித்தவர்களே கேட்கிறார்கள். தெரியும் என்கிறேன் நான். விண்ணப்பத்தில் சாதிக் கட்டமே இல்லாவிட்டாலும் தெரியும்.

எப்படி? மத்திகிரியிலேயே பார்ப்போம். ஓசூருக்கு சிப்காட் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. 2019இல் ஓசூர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. மனை விலையைக் கேட்டால் தலை சுத்துது. ஆனால் கம்பெனிக்குள் நம்ம பையன்கள் பல பேர் காண்ட்ராக்ட்தான். காண்ட்ராக்டர் மாறினால் சம்பளச் சீட்டில் கம்பெனி பேரும் மாறும். சில பேர் எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கம் வேலைக்குப் போகிறார்கள். மிஷின் இதை நிலையில்லாத வருமானம் என்று எழுதிக்கொள்கிறது. நிரந்தர வேலையைக் கொடுக்காதவன் யார் என்று அது கேட்காது.

வீட்டில் அம்மா குழுக் கடன் வாங்கியிருப்பார். ஒரு வாரம் வேலை இல்லையென்றால் தவணை தவறும். அது பதிவாகும். கந்துவட்டிக்காரனிடம் வாங்கி வட்டி மேல் வட்டி ஒழுங்காகக் கட்டியது எங்கேயும் பதிவாகாது. இதுவரை வங்கிக் கடனே வாங்காதவன் பேருக்கு நேராக சிபில் அறிக்கையில் 'மைனஸ் ஒன்று' என்று வரும். ஒதுக்கி வைத்தவன் செய்த வேலை, ஒதுக்கப்பட்டவன் கணக்கில் ஏறுகிறது. அடமானத்துக்கு நிலம் கேட்பார்கள். நம்மிடம் இருப்பதோ ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த நிபந்தனைப் பட்டா. முகவரி கேட்பார்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் சொல் போனாலும் தெரு அங்கேயேதான் இருக்கிறது. வேலை, கடன், பட்டா, தெரு எல்லாவற்றையும் சேர்த்தால் வருவது என்ன? சாதிதானே!

இந்த மிஷின்களுக்கு விதி போட ரிசர்வ் வங்கி 2024 ஆகஸ்டில் ஒரு வரைவு வெளியிட்டது. கடன் கணிக்கும் கருவியின் முடிவு பாரபட்சமில்லாமல், விளக்கிச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது அது. எந்தப் பாரபட்சம்? அதைச் சொல்லவில்லை. கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் முதல்முறை கேட்பவரை மறுக்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. 'மட்டும்' என்பதில்தான் ஓட்டை. இன்னொரு காரணத்தைச் சேர்த்துக்கொண்டால் முடிந்தது கதை.

தோழர்களே, நம் கையில் ஏற்கெனவே ஒரு விதி இருக்கிறது. பல பேருக்குத் தெரியாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் கேட்கும் கடனைக் கிளை மட்டத்தில் மறுக்கக் கூடாது. அடுத்த மேல்மட்ட அதிகாரிதான் மறுக்கலாம். காரணத்தைத் தெளிவாக எழுத வேண்டும். ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலேயே இருக்கிறது இது. கிளையில் உட்கார்ந்திருக்கும் ஆளின் சாதிப் புத்தியை நம்ப முடியாது என்பதை ஒத்துக்கொண்ட விதி என்றே இதை நான் வாசிக்கிறேன். இப்போது என்ன நடக்கிறது? செல்போனில் போடும் விண்ணப்பத்தில் சாதிக் கட்டம் கிடையாது. யாருடைய விண்ணப்பம் என்று தெரியாதபோது அதை மேலே அனுப்புவது யார்? அரை நிமிஷத்தில் 'மன்னிக்கவும்' என்று வந்துவிடுகிறது. தனியார் வீட்டுக்கடன் கம்பெனிகளையோ இந்தச் சுற்றறிக்கை தொடுவதே இல்லை. சாதி பார்க்கவில்லை என்ற பேரில் நம்முடைய பாதுகாப்பைப் பிடுங்கிவிட்டார்கள், பாகுபாட்டை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

'சாதியைக் கேட்டால்தானே வம்பு, கேட்காமல் விடுவதே நல்லது' என்பவர்களுக்கு ஒரு பதில். அமெரிக்காவில் கறுப்பர் குடியிருப்புகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்துக் கடன் மறுத்தார்கள். அங்கே போராட்டங்களுக்குப் பிறகு 1968இல் வீட்டுக் கடனில் இனப் பாகுபாடு சட்டப்படி தடை செய்யப்பட்டது. 1975இல் வந்த இன்னொரு சட்டம் வீட்டுக்கடன் விவரங்களை வெளியிட வைத்தது. இன்றைக்கு அங்கே எந்த இனத்தாருக்கு எத்தனை கடன் மறுக்கப்பட்டது என்று எவரும் பார்க்கலாம். பாகுபாடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் 'இல்லை' என்று சாதிக்க முடியாது. இங்கே முன்னுரிமைக் கடன் கணக்கில் தலித்துகளுக்குக் கொடுத்த கடனைக் காட்டுகிறார்கள். கொடுத்ததை எண்ணத் தெரிந்தவனுக்கு மறுத்ததை எண்ணத் தெரியாதா?

ஆகவே இனி வரும் எந்தச் சட்டத்திலும் மூன்று விஷயங்கள் வேண்டும். மேல்மட்ட அதிகாரி விதி மிஷினையும் தனியார் கம்பெனியையும் கட்டுப்படுத்த வேண்டும். மறுப்புக்கான காரணம் தாய்மொழியில், எழுத்தில் வர வேண்டும். மறுத்த கடன்களின் சாதிவாரிக் கணக்கு வருஷா வருஷம் வெளியாக வேண்டும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை நம்ம கடன் அறிக்கையை இலவசமாகவே வாங்கலாம். தப்பு இருந்தால் திருத்தச் சொல்லலாம். அரசு வங்கிகளிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்: உங்கள் கிளையில் எத்தனை தலித் விண்ணப்பம் வந்தது, எத்தனை மறுத்தீர்கள், எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டார்? கல்லூரியில் படிக்கிற தோழர்கள் ஆளுக்கொரு கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.