நீலப்புள்ளி சொல்லாதது

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை விவகாரம் நினைவிருக்கும். உச்சிக்கு மிக அருகிலுள்ள கார் நிறுத்தத்தில் ஆளை இறக்கிவிட்டு, பாதையே இல்லாத செங்குத்துப் பாறைச் சரிவின்மேல் கூகுள் மேப்ஸ் புள்ளிக்கோடு போட்டதாக 2021 ஜூலையில் ஸ்காட்லாந்து மலையேற்ற அமைப்புகள் எச்சரித்தன; அது நடைபாதை அல்ல, தூரத்தைக் காட்டும் கோடுதான் என்றது நிறுவனம். அப்படியானால் மலைக்கென்றே உள்ள ஆஃப்லைன் வரைபடச் செயலியை இறக்கிக்கொண்டு போகலாமே என்பது நியாயமான யோசனை. ஜிபிஎஸ்ஸுக்கு செல்பேசிக் கோபுரம் தேவையில்லை. ஆனால் அந்தச் செயலி தீர்ப்பது சிக்னல் பிரச்சினையை மட்டும்தான். இத்தகைய பல செயலிகளின் மூலம், தன்னார்வலர்கள் வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடம். மலைப்பாதையின் கடினத்தைக் குறிக்க அதில் படிநிலைகள் உண்டு என்றாலும், குறிப்பதும் விடுவதும் வரையும் தன்னார்வலரின் கையில். குறித்திருந்தாலும் எல்லாச் செயலிகளும் அதைக் காட்டுவதில்லை. ஆட்டுத்தடமும் அகலப்பாதையும் ஒரே கோடாகிவிடுகின்றன. காகித வரைபடத்தில் பிழையே இல்லையா என்பார்கள். தாராளமாக உண்டு. ஆனால் காகிதம் நாம் நிற்கும் இடத்தைச் சொல்லாது. சமஉயரக் கோடுகளைப் படித்து நாமே கண்டுபிடிக்க வேண்டும், படிக்கும்போதே சரிவின் குணமும் பிடிபட்டுவிடும். செயலியில் நம் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி உழைப்பை மிச்சப்படுத்துகிறது, கூடவே இந்த அறிவையும். பென் நெவிஸ் உச்சியில் மூடுபனி சூழ்ந்தால், 231 பாகையில் 150 மீட்டர், பிறகு 281 பாகை என்று திசைகாட்டி வைத்து இறங்குவது வழக்கம், இருபுறமும் பள்ளம் என்பதால். குளிரில் பேட்டரி படுத்துவிடும் இடமும் அதுதான். செயலி வேண்டாமென்று சொல்லவில்லை; அதோடு ஒரு திசைகாட்டியும் பையில் போகட்டும் என்கிறேன்.