றொசாலியாவுக்கு என்ன கருத்து?

மகளுக்குப் பெயர் பதிந்த அன்று யாழ்ப்பாணத்திலிருந்து மாமி தொலைபேசி எடுத்தார். “உதென்ன பிள்ளை, வேதக்காரப் பேர்? அதுக்குக் கருத்து என்ன?” நாங்கள் சைவம். நட்சத்திர எழுத்துப் பார்த்து மாமியே ஒரு பெயர் அனுப்பியிருந்தார். அதை முதலில் எழுதிவிட்டு, இரண்டாவது பெயராக றொசாலியா என்று சேர்த்ததுதான் நான் செய்த குற்றம்.

கேட்டுவிட்டாரே என்று கருத்தைத் தேடினேன். மூன்று கிடைத்தன. ரோசாவும் லில்லியும் சேர்ந்த பெயர் என்பது சனங்கள் சொல்வது. பழைய ரோமர் கல்லறைகளுக்கு ரோசாப்பூச் சாத்திய நாட்களுக்கு ‘றொசாலியா’ என்று பெயர், அதிலிருந்து வந்தது என்பார்கள் படித்தவர்கள். மூன்றாவது ஒரு கல்வெட்டுக் கதை. சிசிலியின் குயிஸ்குவினா மலைக்குகையில் 1624இல் கண்டெடுத்த இலத்தீன் எழுத்து, அந்தப் பெயருடைய புனிதையின் தகப்பன் சினிபால்தோவை ‘ரோசே’ என்ற நிலத்துக்கும் பிரபு என்கிறது. காணியின் பெயர் மகளுக்கு வந்ததாம். மூன்றிலும் ரோசா மணக்கிறது. ஆனால் நாங்கள் வாழும் சிசிலி நகரமான பலேர்மோவில் எந்தத் தாயும் இந்தக் கருத்துகளைப் பார்த்துப் பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டாள்.

நான் எட்டு வருடம் பராமரித்த இத்தாலிய மூதாட்டி, என் சிஞ்ஞோராவின் பெயரும் றொசாலியாதான். அவர் இளம்பெண்ணாக இருந்த காலத்தில், முற்றத்தில் நின்று “றொசாலியா!” என்று கூப்பிட்டால் மூன்று யன்னல் திறக்குமாம். அந்தப் பெயர் எப்படி ஊரை நிரப்பியது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். 1624இல் பலேர்மோவில் கொள்ளைநோய். அந்த யூலை 15ஆம் திகதி மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்குகையில் எலும்புகள் கிடைத்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரபு வீட்டு வாழ்வை விட்டுவிட்டுக் குகையில் தவமிருந்த றொசாலியாவின் எலும்புகள் என்றார்கள். அடுத்த வருடம் யூனில் அவற்றை வீதிவீதியாகச் சுமந்தார்கள், நோய் விட்டது. அதுவரை ஊரைக் காத்துவந்த ஆகத்தா, கிறிஸ்தீனா, நின்ஃபா, ஒலிவா என்ற நான்கு புனிதைகளும் பின்வரிசைக்குப் போனார்கள். இன்றும் ஊர்ச்சனம் றொசாலியாவை ‘சாந்துட்சா’ என்கிறது, செல்லமாக ‘எங்கள் குட்டிப் புனிதை’ என்கிற மாதிரி. மலையில் கிடைத்தவை ஆட்டெலும்புகள் என்று வில்லியம் பக்லண்ட் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் சொன்னதாக ஒரு கதையும் உண்டு. அதைச் சிஞ்ஞோராவிடம் சொன்ன அன்று எனக்குக் கோப்பி கிடைக்கவில்லை.

அந்த மலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களும் ஏறுகிறோம். பலேர்மோத் தமிழரில் வேதக்காரர், சைவர் என்ற பிரிவு அந்தப் படிகளில் கிடையாது. மடுமாதாவிடம் போய்ப் பழகிய சனத்துக்கு இது புதிதுமல்ல. குகைக்கூரையில் கசியும் தண்ணீரைத் தகரப் பீலிகள் ஏந்திச் செல்லும். கண்ணாடிக்குப் பின்னால் பொன்னாடை போர்த்துச் சாய்ந்து கிடப்பார் புனிதை. ஏழாம் மாதத்தில் வைத்தியர்கள் உதட்டைப் பிதுக்கியபோது, செருப்பைக் கழற்றிவிட்டு நான் ஏறியது அங்கேதான். பிள்ளை சுகமாகப் பிறந்தாள். நேர்த்தி வைத்தவளுக்குக் கருத்து எதற்கு? எந்தப் பெயரிலும் முதலில் நான் பார்ப்பது அது யாருக்குப் பட்ட கடன் என்பதைத்தான். எண்சாத்திரக்காரர் எழுத்தைக் கூட்டிப் பார்த்தால் இந்தக் கணக்கு வராது.

இத்தாலியரே இந்தப் பெயரைக் கைவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். இஸ்தாத் என்ற அரச புள்ளிவிவர நிறுவனத்தின் அண்மைக்காலப் பட்டியல்களில் சோபியா, அவுரோரா, ஜூலியா ஆகியவையே முன்னுக்கு நிற்கின்றன. முதல் பத்தில் றொசாலியாவைக் காணோம். சிசிலியில் முதல் பெண்பிள்ளைக்கு அப்பம்மாவின் பெயர், அடுத்தவளுக்கு அம்மம்மாவின் பெயர் என்பது பழைய வழக்கம். பேரன், பேத்தி என்ற சொற்களுக்குள்ளேயே பெயரை வைத்திருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிஞ்ஞோராவின் மருமகள் தன் மூத்தவளுக்கு அவுரோரா என்று வைத்தாள். விடியல் என்று கருத்து, வடிவான பெயர்தான். சிஞ்ஞோரா ஒரு வருடம் மருமகளோடு கதைக்கவில்லை. இவ்வளவு கோபம் கூடாது என்றுதான் அப்போது நினைத்தேன். மருமகள் என்னிடம் தனியாகச் சொன்னாள்: “வகுப்பில் கிழவி என்று பழிப்பார்கள்.” அது பொய்யில்லை. ஆனாலும் பட்டியலில் முதலாவதாக நிற்கும் பெயரை வைத்தால் வகுப்பில் நான்கு சோபியாக்களில் ஒருத்தியாக இருக்கவேண்டி வரும், அதுவும் பிள்ளைக்கு ஒரு சுமைதான்.

ஆனாலும் யூலை 14 இரவு புனிதையின் தேர் வரும். குவாத்ரோ காந்தி சந்தியில் அது நிற்க, நகரபிதா ஏறிப் பூ வைத்து “பலேர்மோ வாழ்க, சாந்தா றொசாலியா வாழ்க” என்று கத்துவார். சனம் திருப்பிக் கத்தும். போன தடவை தகப்பனின் தோளில் இருந்த மகள், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கை காட்டினாள்.

மாமிக்கு இன்னும் முழுப் பெயரும் வாயில் வராது. “ரோசா சாப்பிட்டாளோ?” என்று கேட்பார். பாலர் பாடசாலையில் அவளை எல்லாரும் லியா என்கிறார்கள். பெயரின் முன்பாதி யாழ்ப்பாணத்தில், பின்பாதி பலேர்மோவில்.