அடிக்கப்பட்ட வரி



இதழ் இந்த முறையும் பிந்தித்தான் வருகிறது. அச்சகக் கடன் பாக்கி. அது கிடக்கட்டும்.

சேரிகளில் கிறித்தவ மிஷன்கள் செய்யும் 'சமுதாய மேம்பாடு' பற்றிப் போன கூட்டத்தில் காரசாரமாகப் பேசினோம். 'சோத்துக்கு மதம் மாத்துறான்' என்கிற இந்துத்துவக் கூச்சலுக்கு நாம் ஒத்து ஊத முடியாது. என் பாட்டி கைநாட்டு. அம்மா மிஷன் ராப்பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றவள். நான் இன்று வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் கையெழுத்தைச் சரிபார்க்கிறேன். இந்தக் கடனை மறந்தால் நான் மனுஷனில்லை.

ஆனாலும் ஒரு கணக்கு தீரவில்லை. கூவக்கரையில் இருந்தபோது எனக்கு ஒரு ஸ்பான்சர் உண்டு. வருஷத்துக்கு ஒரு போட்டோ, இரண்டு கடிதம். மையத்து அக்கா பலகையில் எழுதிப் போடுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம். 2001-இல் குடிசைகளை இடித்து, லாரியில் ஏற்றி, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் கண்ணகி நகரில் இறக்கிவிட்டார்கள். 'எங்க வூட்ட இடிச்சிட்டாங்க அங்கிள்' என்று எழுதினேன். அக்கா அந்த வரியை அடித்துவிட்டு, 'புதிய வீட்டில் மகிழ்ச்சியாக இருக்கிறோம்' என்று எழுதச் சொன்னார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவரும் நம்ம சேரிப் பொண்ணுதான். அவர் சம்பளமே அந்தக் கடிதங்களில்தான் இருந்தது.

பசியைச் சொல்லலாம், நிலத்தைப் பிடுங்கியவன் யாரென்று சொல்லக்கூடாது. சாதியைச் சொல்லவே கூடாது. குழுக் கணக்குத் தொடங்க வரும் பெண்களுக்கு ஆதாரில் ஒரு பேர், சபையில் ஒரு பேர். ஏன்? 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைதான். 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு தலித் கிறித்தவருக்கு இன்னும் சாத்தியே கிடக்கிறது. 2023-இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் திறக்கவில்லை. தையல் மெஷின் கொடுக்கிற திட்ட அறிக்கையில் இதற்கு எந்தப் பக்கத்தில் இடம்?

2017-இல் கம்பேஷன் இன்டர்நேஷனல் இந்தியாவை விட்டுப் போனது. சுமார் 1,45,000 பிள்ளைகளுக்கு உதவி நின்றது. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, ஒரு அமைப்பு பெற்ற பணத்தை இன்னொன்றுக்குத் தரக்கூடாது என்றார்கள். பெரிய அமைப்பை நம்பியிருந்த சின்ன மன்றங்களின் கழுத்தில் விழுந்த கத்தி அது. அரசு செய்தது அயோக்கியத்தனம், சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் தெரு மையத்தைப் பூட்டியபோது ஏன் ஒருத்தரும் 'எங்க மையம்' என்று பூட்டைப் பிடித்து ஆட்டவில்லை? அங்கே வருகைப் பதிவேடும் போட்டோவும் கடிதமும் எல்லாமே வேறு யாருக்கோ காட்டுவதற்காக எழுதப்பட்டவை. எங்களிடம் யார் கணக்குக் காட்டினார்கள்?

இப்போது மாடிப்படி ஓரத்தில் நாங்களே மாலை வகுப்பு நடத்துகிறோம். பதினொரு பிள்ளைகள். போன வாரம் வாரியத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். ஒரு பயல், 'தண்ணி ஏன்டா வர்ல?' என்று எழுதினான். அந்த 'டா'வை மட்டும் எடுத்துடு தம்பி என்றேன். யோசித்துச் சொல்கிறானாம்.

சாக்பீஸுக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு. முடிந்தவர்கள் ஞாயிறு நாலு மணிக்கு வாங்க.