கூட்டை மட்டும் விட்டுடுங்க!

காலையில் காபி டம்ளரோடு பால்கனியில் நிற்கிறீர்கள். செம்பருத்திச் செடியில் சின்னதாக ஓர் அசைவு. பார்த்தால், அட... தேன்சிட்டு! உடனே கை செல்போனைத் தேடுகிறது. தப்பே இல்லை, தாராளமாகப் படம் எடுங்கள். நல்ல பழக்கம் என்றே சொல்வேன்.

வீட்டைச் சுற்றியுள்ள பறவைகளைக் கவனிப்பது மனசுக்கு நல்லது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், பறவைகளைப் பார்த்தவர்கள், குரலைக் கேட்டவர்களின் மனநிலை மேம்பட்டிருந்தது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கும்தான்! நாள் முழுக்கத் திரையையே பார்க்கும் கண்ணுக்கு, தூரத்துக் கிளையைப் பார்ப்பது நல்ல ஓய்வு. பிள்ளைகள் பகல் வெளிச்சத்தில் வெளியே இருந்தால், கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறைகிறது.

ஆனால், ஓர் இடத்தில் மட்டும் கேமராவைக் கீழே வைத்துவிடுங்கள். அதுதான் கூடு.

என் தப்பை நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் கொல்லையில், மல்லிகைப் பந்தலில் தேன்சிட்டு கூடு கட்டியது. நாரும் சிலந்தி நூலும் சேர்த்துப் பின்னிய குட்டித் தொங்கு பை. உள்ளே இரண்டு முட்டைகள். நான் சும்மா இருந்தேனா? மறைத்த இலைகளைக் கிள்ளிப் போட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, காலை, மாலை படம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி ஒரே பெருமை. நாலாம் நாள் காக்கா வந்தது. கூடு கிழிந்து கிடந்தது. படங்கள் இன்னமும் போனில் இருக்கின்றன. பார்க்கத்தான் மனசு வரவில்லை.

'நான் கூட்டைத் தொடவே மாட்டேனே' என்பீர்கள். தொட வேண்டியதே இல்லை. நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை தாய் உள்ளே வரத் தயங்கும். முட்டைக்குச் சூடு கிடைக்காது. குஞ்சுக்கு இரை கிடைக்காது. இலையை விலக்கினால் வெயிலுக்கும் காக்காவுக்கும் வழிவிட்ட மாதிரி. 'லைக்' வாங்க ஒரு குடும்பத்தையே பணயம் வைக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.

வேறு எப்படி எடுப்பது? அகலமான மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். பத்துப் பதினைந்து அடி தள்ளி, அசையாமல் உட்காருங்கள். மைனா, தவிட்டுக்குருவி, அணில் எல்லாம் தானாக வரும். ஃபிளாஷ் வேண்டாம். போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்கவும் வேண்டாம். சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் பாத்திர ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும்.

பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தேதியும் பறவையின் பெயரும் எழுதச் சொல்லுங்கள். பொங்கல் சமயத்தில் தமிழகத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில், வீட்டிலிருந்தே பதினைந்து நிமிடம் பார்த்து எண்ணிக் கலந்துகொள்ளலாம்.

கூட்டைக் கண்டால்? சத்தமில்லாமல் நகர்ந்துவிடுங்கள். கொஞ்ச நாளில் குஞ்சுகள் தாமாக வெளியே வந்து, துணி காயப்போடும் கொடியில் உட்காரும்.

அப்போ எடுங்க, ஆசை தீர!