மாமா அனுப்பிய விளையாட்டுப் பெட்டி



வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வரும்போது முன்பு சொக்கலேற், சவர்க்காரம், சீலை கொண்டுவருவார்கள். பிறகு கைத்தொலைபேசி வந்தது. இப்போது பிள்ளைகளுக்கென்று வேறொரு பொருளும் வரத் தொடங்கியிருக்கிறது. கையில் வைத்து விளையாடும் வீடியோ விளையாட்டுக் கருவி அது. அண்மையில் எங்கள் மகளிர் குழு உறுப்பினர் ஒருவரின் வீட்டில் அதை எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே அவதானித்தவற்றையும் தேடி அறிந்தவற்றையும் இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்கின்றேன்.

அந்தச் சகோதரி கிளிநொச்சிப் பக்கத்தில் தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். 2009 இல் படுகாயமடைந்த கணவர் சில வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். கனடாவில் இருக்கும் அண்ணன், கோயில் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் இந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டிருக்கிறார். கடைசிப் பிள்ளையான 12 வயது மருமகனுக்கு என்று மேலே எழுதியும் இருந்தது. சகோதரி அதைப் பிரிக்காமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு என்னை அழைத்தார்.

"தங்கச்சி, இதை இவனிட்டைக் குடுக்கலாமோ, இல்லாட்டி வித்துப்போட்டுக் கடனைக் கட்டலாமோ? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீர் ஒருக்கா வந்து பாரும்" என்றார்.

கேள்வி நியாயமானது. பெட்டிக்குள் இருந்தது நின்டென்டோ சுவிச் 2. ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889 இல் விளையாட்டுச் சீட்டுகள் செய்யத் தொடங்கிய நிறுவனம்தான் நின்டென்டோ. 2025 ஜூன் 5 அன்று இந்தக் கருவி விற்பனைக்கு வந்தது. முதல் நான்கு நாட்களில் மட்டும் உலகம் முழுவதும் 35 இலட்சத்துக்கும் மேல் விற்றதாக நிறுவனம் அறிவித்தது. அமெரிக்காவில் வெளிவந்தபோது அதன் விலை 449.99 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் ஒரு இலட்சத்து முப்பத்தையாயிரம் ரூபா. சிறுகடனுக்கு வாரக் கட்டுப்பணம் கட்டும் ஒரு தாய்க்கு இது விளையாட்டுப் பணமல்ல.

இத்தகைய கருவிகள் உலகுக்குப் புதியவையல்ல. இதே நிறுவனத்தின் கேம் போய் 1989 இல் வந்தது. நான்கு பென்ரோர்ச் பற்றறியில் அது வேலை செய்தது. அந்தத் தொண்ணூறுகளில் எங்கள் பகுதிக்குப் பற்றறி கொண்டுவருவதே தடைசெய்யப்பட்டிருந்தது என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. 2004 டிசம்பரில் சோனி நிறுவனம் பிஎஸ்பி என்ற கருவியை ஜப்பானில் வெளியிட்டது. விளையாட்டோடு படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் அதில் வசதி இருந்தது. 2017 மார்ச்சில் முதலாவது சுவிச் வந்தது. வெளியுலகப் பிள்ளைகள் படிப்படியாகக் கண்ட மாற்றம் எங்கள் வீடுகளுக்கு ஒரே நாளில் ஒரே பெட்டிக்குள் வந்து இறங்குகிறது. அதனால்தான் தாய்மார் திகைக்கிறார்கள். அது அவர்களின் அறியாமை அல்ல.

சரி, பெட்டியைத் திறந்தோம். திரை 7.9 அங்குலம். இரு பக்கமும் பிடிகள் காந்தத்தினால் ஒட்டிக்கொள்கின்றன. எல்லாம் சேர்த்து அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். படம் மிகத் தெளிவு, நிறங்கள் கண்ணைப் பறிக்கின்றன. திரையின் மேல் மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருக்கிறது. புதுப் பொருளென்று அதை உரித்துவிடக் கூடாது. திரை உடைந்தால் துண்டுகள் சிதறாமலிருக்கப் போட்ட படலம் அது. பற்றறி முழு மின்னேற்றத்தில் விளையாட்டைப் பொறுத்து இரண்டு மணித்தியாலம் முதல் ஆறரை மணித்தியாலம் வரை நிற்கும் என்கிறார்கள்.

பெட்டியோடு வரும் தாங்கியில் கருவியை வைத்து, எச்டிஎம்ஐ துளையுள்ள தொலைக்காட்சியோடு இணைக்கலாம். என் மனதுக்குப் பிடித்த அம்சம் இதுதான். பிள்ளை மூலையில் ஒதுங்கித் தனியே குனிந்திருக்காமல், வீட்டார் நடுவில் எல்லோரும் பார்க்க விளையாடலாம். இரண்டு பிடிகளையும் கழற்றி இரண்டு பேர் ஆளுக்கொன்றாகப் பிடித்தும் விளையாடலாம்.

அண்ணன் வாங்கியது மரியோ கார்ட் வேர்ல்ட் என்ற காரோட்ட விளையாட்டும் சேர்ந்த பெட்டி. ஆனால் உள்ளே விளையாட்டு அட்டை இல்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். அதன் அளவு 20 ஜிபிக்கு மேல். கைத்தொலைபேசிக்கு நாட்கணக்கில் டேட்டா போடும் வீட்டில் இது பெரிய செலவு. கடைசியில் வைபை இணைப்புள்ள அயல்வீட்டில் வைத்து இறக்கினோம்.

செலவு அத்தோடு நிற்பதில்லை. இந்த விளையாட்டைத் தனியே வாங்கினால் அமெரிக்க விலை 79.99 டொலர், அதாவது ஏறக்குறைய 24,000 ரூபா. இது அலுத்ததும் பிள்ளை அடுத்ததைக் கேட்பான். இணையவழியே மற்றவர்களுடன் சேர்ந்து விளையாடப் பெரும்பாலும் சந்தா கட்டவேண்டும். அன்பளிப்பு ஒருமுறை வருகிறது, அதன் செலவு தொடர்ந்து வருகிறது. கொடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

அடுத்தது தாய்மார் அஞ்சும் விடயம். இதில் முன்பின் தெரியாதவர்களோடு பிள்ளை பேசமுடியுமா? கருவியில் ஒலிவாங்கி இருக்கிறது. கமரா உள்ளே இல்லை, வேண்டுமானால் தனியே வாங்கிப் பூட்டவேண்டும். பிடியில் 'சி' என்றொரு பொத்தான் உள்ளது. அதை அழுத்தினால் கேம் சற் எனும் உரையாடல் வசதி திறக்கும். நண்பர்களாகச் சேர்த்துக்கொண்டவர்களோடு மட்டுமே அதில் பேசலாம். 16 வயதுக்கு உட்பட்டவருக்குப் பெற்றோரின் அனுமதி வேண்டும். யார் யாரோடு பேசலாம் என்பதையும் பெற்றோரே தெரிவுசெய்யலாம். இதற்கென்று பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி ஒன்றை நிறுவனம் இலவசமாகத் தருகிறது. அதைத் தாயின் கைத்தொலைபேசியில் போட்டுக்கொண்டால், பிள்ளை எவ்வளவு நேரம் விளையாடினான் என்று பார்க்கலாம், நேர எல்லை வைக்கலாம், இரகசிய எண்ணும் வைக்கலாம்.

ஆனால் கவனியுங்கள். பிள்ளை தன் கணக்கைத் திறக்கும்போது வயதைக் கூட்டிக் கொடுத்துவிட்டால் உரையாடலுக்குப் பெற்றோரின் அனுமதி கேட்கும் பாதுகாப்பு வேலை செய்யாது. ஆகவே பெட்டியை முதலில் திறக்கவேண்டியவர் தாய். அந்த முதல் ஒரு மணித்தியாலம் அவருடையது.

"எனக்கு இங்கிலிஸ் தெரியாதே" என்றார் சகோதரி. உயர்தரம் படிக்கும் மூத்த மகள்தான் ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொன்னாள். தாய் யோசித்து இரகசிய எண்ணைப் போட்டார். மகன் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பரிசு மகனின் பெயருக்கே வந்தது. அக்காமார் இருவருக்கும் ஆளுக்கொரு கைப்பை. ஆண்பிள்ளைக்கு விளையாட்டு, பெண்பிள்ளைக்கு அலங்காரம் என்ற பிரிப்பு கடல் கடந்தும் மாறவில்லை. தம்பி விளையாடும் நேரத்தில் அக்கா பாத்திரம் கழுவுவதென்றால் அந்தக் கருவி வீட்டில் ஒரு அநீதியைக் கூட்டுகிறது. இதைச் சொன்னபோது தாய் சிரித்தார். அன்று மாலை இரண்டு பெட்டைகளும் தம்பியோடு முறைவைத்துக் காரோட்டினார்கள். கார் பாதையை விட்டு விலகாமல் உதவும் வசதியைப் போட்டுத் தாயிடமும் கொடுத்தார்கள். தையல் மெசின் மிதித்த கணக்கில் அவரது காலும் சேர்ந்து ஆடியது. கடைசியாகத்தான் வந்தார். ஆனாலும் "இன்னொருக்கா" என்று கேட்டார்.

இன்னுமொரு விடயம் எங்கள் வீடுகளுக்கே உரியது. காரோட்ட விளையாட்டுப்போல் சுடும் விளையாட்டுகளும் உள்ளன. வெடிச்சத்தம் கேட்கும்போது பிடி கையில் அதிரும். பிள்ளைக்கு அது விளையாட்டு. அடுத்த அறையில் படுத்திருக்கும் அம்மம்மாவுக்கு அது வேறு. சத்தம் கேட்டு இப்போதும் திடுக்கிட்டு எழும்புகிறவர்கள் எங்களில் எத்தனை பேர்! அதிர்வை நிறுத்தலாம், சத்தத்தைக் குறைக்கலாம், காதுக்கருவி போடலாம். எல்லாவற்றிலும் முதலாவதாக, எந்த விளையாட்டு வீட்டுக்குள் வரலாம் என்று நீங்கள் தீர்மானிக்கலாம். அதற்குப் பிள்ளையிடம் காரணம் சொல்லுங்கள். "எங்களுக்கு இந்தச் சத்தம் ஏலாது" என்று சொன்னால் 12 வயதுப் பிள்ளைக்கு விளங்கும்.

அப்படியானால் வைத்திருப்பதா, விற்பதா? அதை நான் தீர்மானிக்கவில்லை. அவரே இரண்டு நாள் யோசித்தார். விற்றால் கடனில் ஒரு பகுதி தீரும், ஆனால் அண்ணனின் மனம் நோகும். 1995 இடப்பெயர்வோடு படிப்பையும் விளையாட்டையும் விட்டுப்போனவர் அந்த அண்ணன். தனக்குக் கிடைக்காததை மருமகன் அனுபவிக்கட்டும் என்றுதான் அனுப்பியிருக்கிறார். அந்த அன்பு பொய்யல்ல. ஆனால் அந்த வீட்டுக்கு இப்போது எது தேவை என்று அவர் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் சகோதரி தானே தொலைபேசி எடுத்தார். "அண்ணா, பெட்டி கிடைச்சது, பிள்ளையளுக்குச் சரியான சந்தோசம். வச்சிருக்கிறம். ஆனால் இனி ஏதும் வாங்கிறதெண்டால் முதல் என்னட்டைக் கேளுங்கோ. புதுக் கேம் வேண்டாம். அந்தக் காசை மூத்தவளின்ரை ரியூசனுக்கு அனுப்புங்கோ" என்றார். மறுபக்கம் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி பிள்ளை, நீ சொல்லுறதுதான் சரி" என்று பதில் வந்தது. வீட்டுத் தலைவி அவர்தான் என்பதை அண்ணன் அன்று ஏற்றுக்கொண்டார்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு பெட்டி வந்தால் இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. பிள்ளையிடம் கொடுக்குமுன் நீங்கள் திறவுங்கள். சரியான வயதைப் பதியுங்கள். இரகசிய எண் உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

2. வங்கி அட்டை இலக்கத்தைக் கருவியில் பதிய வேண்டாம். மாமாவின் அட்டையாக இருந்தாலும் வேண்டாம்.

3. விளையாட்டுப் பெட்டியின் வயதுக் குறியைப் பாருங்கள். கனடா, அமெரிக்காவிலிருந்து வருவதில் 'ஈ' எழுத்து எல்லோருக்கும், 'ரி' 13 வயதுக்கு மேல், 'எம்' 17 வயதுக்கு மேல். லண்டன், பாரிசிலிருந்து வருவதில் 3, 7, 12, 16, 18 என்று இலக்கமே இருக்கும்.

4. ஜப்பானில் மட்டும் விற்கும் மலிவான வகை ஒன்று உண்டு. அதில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும். வாங்கி அனுப்புவோரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

5. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 10 முதல் 15 நிமிடமாவது ஓய்வு வேண்டும். மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பை உண்டாக்கலாம். தலையில் காயப்பட்டவர்கள், வலிப்பு வந்தவர்கள் வீட்டில் இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.

6. விளையாடும் நேரமும் வீட்டு வேலையும் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் சமமாக இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் செய்யப் பெரிய படிப்புத் தேவையில்லை. இருட்டில் பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துக் காத்தவர்கள் நீங்கள். ஒரு பொத்தானைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் வீட்டுக்கும் இப்படி ஏதாவது வந்திருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதியனுப்புங்கள். மற்றச் சகோதரிகளுக்கு அது உதவும்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.